ஆறாவது கவர்

எங்க அக்காகிட்ட நான் பேசி ரெண்டு வருஷம் ஆகுது. இதை முதல்லயே சொல்லிடறேன், நான் கதை சொல்ற லட்சணத்துல நடுவுல விட்டுப்போனாலும் போயிடும். பேசாம இருக்கிறது எனக்கு ஒண்ணும் பெரிய கஷ்டமா இல்ல. சமைக்கும்போது ஒரு தடவை அவ ஞாபகம் வரும், துணி மடிக்கும்போது ஒரு தடவை, பஸ்ஸுல யாராவது சத்தமா சிரிச்சா ஒரு தடவை. அவ்வளவுதான். மத்த நேரமெல்லாம் நிம்மதியாத்தான் இருந்தேன். நம்பலன்னா போங்க.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த லெட்டர் வந்துச்சு. கொண்டு வந்தது என் பொண்ணு. ஒன்பது வயசு, நாலாங்கிளாஸ். வீட்டுல அவளுக்கு அணில்னு பேர். எதைக் கையில கொடுத்தாலும் ஓரத்துல இருந்து கொறிச்சுக்கிட்டே வருவா. ஒண்ணும் கிடைக்கலன்னா சொந்த ஜடை நுனியைக் கொறிப்பா. லெட்டரை என் கையில கொடுத்துட்டு ரெண்டடி பின்னால போய் நின்னுக்கிட்டா. அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும்.

"அன்புள்ள பெற்றோருக்கு"ன்னு ஆரம்பிச்சிருந்துச்சு. திங்கள்கிழமையில இருந்து பிள்ளைங்க மதியச் சாப்பாட்டுல ஒரு தடவை பயன்படுத்திட்டுத் தூக்கிப் போடற பிளாஸ்டிக் எதுவும் வேண்டாமாம். ரெண்டு வாரமா உணவுக்கூடத்துல ஒவ்வொரு பிள்ளையும் என்னென்ன போட்டுட்டுப் போகுதுன்னு எண்ணிப் பார்த்தாங்களாம். 'வகுப்பின் சராசரி: நாளொன்றுக்கு 2. உங்கள் பிள்ளை: நாளொன்றுக்கு 6.' அந்த ஆறைச் சுத்தி சிவப்பு மையில ஒரு வட்டம். கீழே, உணவுக்கூட மேற்பார்வையாளர்னு ஒரு கையெழுத்து.

அந்தக் கையெழுத்தோட வாலை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிச்சுடுவேன். சின்ன வயசுல என் ரேங்க் கார்டுல அப்பா கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தது அந்தக் கைதான். எங்க அக்கா.

"இங்க பாருங்க, சண்டைக்கு ஆள் அனுப்பியிருக்கா"ன்னேன்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள்ள கயித்தையும் கப்பியையும் பார்த்துட்டு வர்ற மனுஷன். வீட்டுக்கு வந்தா எதுக்கும் பதற மாட்டார். "முந்நூறு வீட்டுக்குப் போயிருக்கும் அந்த லெட்டர்"ன்னார்.

"முந்நூறு வீட்டுக்கும் வட்டம் போட்டிருப்பாளா?"

அவர் லெட்டரை வாங்கி வெளிச்சத்துல பிடிச்சு அந்த வட்டத்தைப் பார்த்தார்.

வட்டத்தைக்கூட விடுங்க. என் கோபம் அந்த ஆறு மேல. நான் வைக்கிறது அஞ்சு. ஒரு நாளும் ஆறு வச்சதில்ல. நான் யார் தெரியுமா? ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டர்ல பதினோரு வருஷமா மாத்திரை எண்ணிக் கொடுக்கிறவ. தட்டுல கொட்டி, அஞ்சஞ்சா தள்ளி, சின்ன ஜிப் கவர்ல போட்டு, மேல லேபிள் ஒட்டிக் கொடுப்பேன். பதினோரு வருஷத்துல ஒரு மாத்திரை கூடினதில்ல, ஒரு மாத்திரை குறைஞ்சதில்ல. என்கிட்ட வந்து எண்ணிக்கை தப்புன்னு சொன்னா, எனக்கு எங்கே எரியும்?

அந்தக் கையோட பழக்கம் வீட்டுச் சமையலறைக்கும் வந்துடுச்சு. அணிலோட சாப்பாட்டை நான் கட்டறதே அப்படித்தான். முதல் கவர்ல ஆப்பிள் துண்டு, மேல 'காலை 11 மணி'ன்னு எழுதியிருப்பேன். ரெண்டாவதுல கேரட், 'உணவுக்கு முன்'. மூணாவதுல ரொட்டியும் முட்டையும், 'மதியம்'. நாலாவதுல மிளகு போட்டு மொறுமொறுன்னு வறுத்த உருளைக்கிழங்கு, 'உணவுடன்'. அஞ்சாவதுல ரெண்டே ரெண்டு பிஸ்கட், 'தேவைப்பட்டால் மட்டும்'. இவ கூடப் படிக்கிற ஒரு பொண்ணு, இவளுக்கு என்னமோ தீராத வியாதின்னு நினைச்சு ஒரு மாசம் பக்கத்துலயே உட்காரலையாம். அதுக்கு நான் என்ன பண்றது? ஒழுங்கா கட்டறதும் ஒரு குத்தமா?

ஆனா நான் எப்பவும் கவர்லயே கட்டினவ இல்ல. அதையும் சொல்லிடறேன், அதுலதான் எல்லாமே இருக்கு.

அணில் பள்ளிக்கூடத்துல சேர்ந்த வருஷம் நானும் அக்காவும் சேர்ந்து போய், ஒரே கடையில, ஒரே மாதிரி ரெண்டு எவர்சில்வர் டப்பா வாங்கினோம். ஒண்ணு அணிலுக்கு, ஒண்ணு அக்காவோட மதியச் சாப்பாட்டுக்கு. பக்கத்துல கிளிப் வச்ச, உள்ளே தடுப்பு போட்ட, நல்ல கனமான டப்பா. பார்க்க இரட்டைப் பிள்ளைங்க மாதிரி இருக்கும். ஆனா செஞ்சவன் எந்த ஞாபகத்துல செஞ்சானோ, ஒண்ணோட மூடி இன்னொண்ணுக்குச் சரியா உட்காராது. நூலிழை வித்தியாசம். அது அப்போ எங்களுக்குத் தெரியல.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால, எங்க வீட்டுல ஒரு ஞாயித்துக்கிழமை எல்லாரும் சாப்பிட்டு முடிச்சு, ரெண்டு பேரும் ஒரே தொட்டியில பாத்திரம் கழுவினோம். அவ டப்பாவை அவ எடுத்துட்டுப் போனா, என் டப்பாவை நான் அடுக்கி வச்சேன். மூடி மாறிப்போச்சு. மறுநாள் அணில் பைக்குள்ள பருப்பு முழுக்கக் கொட்டி, ஒரு மாசமா உட்கார்ந்து வரைஞ்ச படம் வச்சிருந்த நோட்டு ஊறிப்போச்சு. போட்டிக்கு அனுப்ப வேண்டிய படம். குழந்தை வந்து அழுத அழுகையில எனக்கு மண்டைக்குள்ள ஏறிடுச்சு. ஃபோனை எடுத்தேன்.

"மூடியைக்கூடப் பார்த்து எடுக்கத் தெரியாதா உனக்கு?"

"நான் என்னுதைத்தான் எடுத்தேன். மாத்தினது நீயா இருக்கும்."

"எனக்கு எண்ணிக்கையும் தப்பாது, மூடியும் மாறாது."

"ஆமா, பெரிய இவ. மாத்திரைக்கு மட்டும்தான் உனக்குக் கண்ணு. ஒரு நோட்டுக்கா இந்தக் குதி குதிக்கிற?"

அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாம நான் சொன்னேன், "ஒரு பிள்ளை பெத்திருந்தா உனக்குத் தெரியும் அந்த நோட்டோட அருமை."

அக்காவுக்குப் பிள்ளை இல்ல. அதுக்காக அவ பட்ட பாடு, ஏறி இறங்கின ஆஸ்பத்திரிப் படி, தின்ன மாத்திரை, எல்லாம் எனக்குத் தெரியும். பாதி மாத்திரையை எண்ணிக் கொடுத்ததே இந்தக் கைதான். அவ வீட்டுக் குழாயில தண்ணி ஓடற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டுச்சு. அப்புறம் ஃபோனை வச்சுட்டா.

அதுக்கப்புறம் எத்தனையோ தடவை ஃபோனை எடுத்திருக்கேன். நம்பர் வரைக்கும் போவேன், வச்சுடுவேன். மானம் ரோஷம்னு ஒண்ணும் இல்ல. வெட்கம். மூடின்னா திருப்பிக் கொடுத்துடலாம், சொன்ன வார்த்தையை எப்படித் திருப்பி வாங்கறது? அந்த டப்பா கண்ணுலயே படக் கூடாதுன்னு தூக்கிப் பரண்ல போட்டேன். அன்னியில இருந்துதான் இந்தக் கவர். இன்னொரு புத்திசாலித்தனமும் பண்ணேன். "பள்ளிக்கூடத்துல பெரியம்மாகிட்ட பேச வேண்டாம்"னு அணில்கிட்ட சொல்லி வச்சேன். "சரிம்மா"ன்னா. சொன்னபடி கேக்கற பொண்ணு.

இப்போ லெட்டருக்கு வருவோம்.

"அஞ்சோ ஆறோ, திங்கள்ல இருந்து கவரே வேண்டாம்னுதானே சொல்றாங்க. எதுல கட்டறதுன்னு யோசி"ன்னார் அவர்.

"அஞ்சா ஆறாங்கிறதுதான் இங்க விஷயமே."

"சந்தேகமா இருந்தா கவர் பாக்கெட்டை எண்ணிப் பார்த்துடேன். எத்தனை போயிருக்குன்னு தெரிஞ்சுடும்ல?"

"எண்ணவே தேவையில்ல. எனக்குத் தெரியாதா?"

எண்ணியிருந்தா இந்தக் கதை அங்கேயே முடிஞ்சிருக்கும். ஆனா அப்படி முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்காது.

சனிக்கிழமை முழுக்க ஆராய்ச்சி நடந்துச்சு. ரொட்டியைத் தாள்ல சுத்திப் பார்த்தேன், அரை மணி நேரத்துல வெண்ணெய் ஊறி தாளும் ரொட்டியும் ஒட்டி உறவாகிடுச்சு. கைக்குட்டையில மூட்டை கட்டிப் பார்த்தேன், ஆப்பிள் வாசனையெல்லாம் சோப்பு வாசனை. வீட்டுக்காரர் தன் பங்குக்கு ஒரு டப்பாவைக் கொண்டு வந்து மேஜை மேல வச்சார். பதினெட்டு அறை வச்ச டப்பா. போல்ட், நட்டு, வாஷரெல்லாம் போட்டு வைக்கிறது.

"இதுல பிரிச்சுப் பிரிச்சு வைக்கலாம் பாரு. கழுவிட்டேன்."

"இதுவும் பிளாஸ்டிக்தானே?"

"ஆனா இது ஒரு தடவை போட்டுத் தூக்கி எறியறதில்லையே. பன்னெண்டு வருஷமா வச்சிருக்கேன்."

மோந்து பார்த்தேன். பன்னெண்டு வருஷத்துக் கிரீஸ். "உங்க லிஃப்டுக்கே சாப்பாடு கட்டிக் கொடுங்க இதுல"ன்னு திருப்பிக் கொடுத்துட்டேன்.

கடைசியில பரண்ல ஏற வேண்டியதாப்போச்சு. டப்பா தூசி படிஞ்சு அப்படியே இருந்துச்சு. தேய்ச்சுக் கழுவினேன். தண்ணி ஊத்தி, மூடியை வச்சு அழுத்தி, கிளிப்பைப் போட்டுக் கவுத்தேன். ஓரத்துல இருந்து தாரையாக் கொட்டுச்சு. ரப்பர் பேண்டு ரெண்டு போட்டேன், கொட்டறது சொட்டறதாச்சு. சரி, ஈரமில்லாததா கட்டிக்கலாம்னு முடிவு பண்ணேன்.

அணில் சமையலறை வாசல்ல நின்னு ஜடையைக் கொறிச்சுக்கிட்டிருந்தா.

"அம்மா, ஒரே ஒரு கவர் மட்டும் எடுத்துட்டுப் போகட்டுமா?"

"எதுக்கு?"

"சும்மா."

"கவரே கூடாதுன்னு உன் பெரியம்மா ஊருக்கே லெட்டர் போட்டிருக்கா. ஒண்ணுகூடக் கிடையாது."

மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னா. அப்புறம், "அப்போ உருளைக்கிழங்காவது நிறைய வைம்மா"ன்னா.

அந்த வருஷம் பூரா இதே பாட்டுதான். உருளைக்கிழங்கு கூட வை, இன்னும் கூட வை. பொண்ணுக்குப் பசி நல்லா எடுக்குதுன்னு எனக்கு ஒரே பெருமை. ஆனா தின்னது எங்கே போகுதுன்னு தெரியாது. உடம்பு அதே குச்சிதான். வளர்ற பிள்ளை, எல்லாம் உயரத்துக்குப் போகுதுன்னு நானே சமாதானம் சொல்லிக்குவேன்.

ஞாயித்துக்கிழமை ராத்திரி படுக்கும்போது அவர்கிட்ட சொன்னேன். "நாளைக்கு மதியம் பர்மிஷன் போட்டிருக்கேன். பள்ளிக்கூடத்துக்குப் போறேன்."

"எதுக்கு?"

"அஞ்சுதான்னு சொல்ல."

அவர் என் பக்கம் திரும்பினார். "ரெண்டு வருஷம் கழிச்சு, அஞ்சுன்னு சொல்லவா போற?"

"வேற எதுக்குப் போவாங்க?"

"சரி, போயிட்டு வா"ன்னுட்டுத் திரும்பிப் படுத்துட்டார். சிரிச்சாரான்னு தெரியல. போர்வை குலுங்கின மாதிரி இருந்துச்சு.

திங்கள்கிழமை, பள்ளிக்கூட ஆபீஸ்ல கழுத்துல 'விருந்தினர்'னு ஒரு அட்டையை மாட்டி விட்டாங்க. அதை ஆட்டிக்கிட்டு, என்ன கேக்கணும், எந்த வரிசையில கேக்கணும்னு மனசுக்குள்ள ஒத்திகை பார்த்துக்கிட்டே நடந்தேன். முதல்ல அஞ்சு. அப்புறம் வட்டம். அப்புறம், என் பொண்ணைத் தனியாப் பொறுக்கி எடுத்து அவமானப்படுத்தறியாங்கிறது. அதுக்கப்புறம் என்னங்கிறதுக்கு ஒத்திகை பார்க்கல. அது வரைக்கும் வாய் போகாதுன்னு எனக்கே தெரியும்.

உணவுக்கூடம் நீளமா இருந்துச்சு. நீள நீளமா மேஜை, பெஞ்சு, முந்நூறு வாய், முந்நூறு சத்தம். அந்தக் கோடியில கைகழுவற தொட்டி வரிசை. அதுக்குப் பக்கத்துல மூணு பெரிய குப்பை டப்பா. மிச்சச் சாப்பாட்டுக்கு ஒண்ணு, தாளுக்கு ஒண்ணு, பிளாஸ்டிக்குக்கு ஒண்ணு. அதை ஒட்டி ஒரு சின்ன மேஜை. அதுல எங்க அக்கா.

தலை நரைச்சிருந்தா. காதோரம் மட்டும் இல்ல, முன்னாலயும். ரெண்டு வருஷத்துல இவ்வளவு நரைக்குமா? எனக்குச் சொல்லாம நரைச்சிருக்கான்னு முதல்ல கோபம்தான் வந்துச்சு.

நான் வாசல்லயே நின்னுட்டேன். ஏன்னா அப்பத்தான் அணில் பெஞ்சுல இருந்து எழுந்திரிச்சா. டப்பாவோட ரப்பர் பேண்டைக் கழட்டிக் கையில வளையல் மாதிரி மாட்டிக்கிட்டா. மூடியை எடுத்துக் கவுத்து வச்சு, அதுல உருளைக்கிழங்கை அள்ளிப் போட்டா. பாதிக்கு மேலயே போட்டா. அப்புறம் அந்த மூடியை ரெண்டு கையாலயும் தூக்கிக்கிட்டு, ஒண்ணும் சிந்தாம, நாக்கை ஓரமாக் கடிச்சுக்கிட்டு, அந்தக் கூட்டத்துக்குள்ள அடி அடியா நடந்து போய், அக்கா மேஜை மேல வச்சா. ஒரு வார்த்தை பேசல. திரும்பி வந்து அவ இடத்துல உட்கார்ந்து கேரட்டைக் கொறிக்க ஆரம்பிச்சுட்டா.

அக்கா ஒரு துண்டு எடுத்து வாயில போட்டா. கண்ணை மூடி மென்னா. அப்புறம் மூடியை லேசாத் தூக்கி, அடியில பார்த்தா, ஓரத்தைத் தடவிப் பார்த்தா. அது அவ மூடி. ரெண்டு வருஷமா எங்க வீட்டுப் பரண்ல கிடந்த அவ மூடி.

நான் போய் எதிர்ல நின்னேன். ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கே போச்சோ.

"அஞ்சுதான்க்கா"ன்னேன். ரெண்டு வருஷத்துல நான் அவகிட்ட பேசின முதல் வார்த்தை. "நான் அஞ்சு கவர்தான் வைக்கிறேன்."

அவ நிமிர்ந்து பார்த்தா. வாய்ல உருளைக்கிழங்கு இருந்ததால உடனே பேச முடியல. மேஜை டிராயரை மட்டும் இழுத்துத் திறந்தா.

உள்ளே ஜிப் கவர். கழுவித் துடைச்சு, கசங்காம ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வச்சது, ஒரு கட்டு. எடுத்துப் பார்த்தேன். எல்லாத்துலயும் அணிலோட கோணல் எழுத்து. 'பெரியம்மா. மதியம்.' 'பெரியம்மா. உணவுடன்.' ஒண்ணுல, 'பெரியம்மா. இன்று கொஞ்சம் தீய்ந்துவிட்டது.' எனக்குப் பதினோரு வருஷப் பழக்கம் பாருங்க, அந்த நேரத்துலயும் கை தன்னால அஞ்சஞ்சா தள்ளி எண்ண ஆரம்பிச்சுடுச்சு. எழுபதுக்கு மேல எண்ண முடியல. கண்ணு மறைச்சுடுச்சு.

"வருஷ ஆரம்பத்துல இருந்து"ன்னா அக்கா. "நானும் வேண்டாம்னு சொல்லிப் பார்த்தேன். காதுலயே வாங்கல. வச்சுட்டுப் போயிட்டே இருப்பா. நன்றின்னா தலையை மட்டும் ஆட்டுவா."

அணில் பெஞ்சுல இருந்து எங்களையே பார்த்துக்கிட்டிருந்தா. கையை அசைச்சுக் கூப்பிட்டேன். வந்தா.

"பெரியம்மாகிட்ட பேசக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"பேசவே இல்லம்மா. சத்தியமா ஒரு நாள்கூடப் பேசல. கவர் மட்டும்தான் வச்சேன்." கொஞ்சம் யோசிச்சுட்டு, "பாவம்மா. உருளைக்கிழங்கு கவரைப் பிரிச்சாலே பெரியம்மா என் டேபிளையே சுத்திச் சுத்தி வந்தாங்க. மத்த டேபிள் பக்கமே போகல."

"ஏய், அது மேற்பார்வை"ன்னா அக்கா.

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. சிரிச்சா அழுகையும் கூடவே வந்துடும்போல இருந்ததால அவசரமா முகத்தைக் கடுமையா வச்சுக்கிட்டேன். "ஊருக்கெல்லாம் கவர் வேண்டாம்னு லெட்டர் போட்டுட்டு, நீ மட்டும் டிராயர் நிறைய கவர் சேர்த்து வச்சிருக்கியே, இது எந்த ஊரு நியாயம்?"

"தூக்கிப் போட மனசு வரல"ன்னா. குரல் கொஞ்சம் இறங்கிடுச்சு. "மத்தபடி லெட்டர் உன்னைப் பார்த்து எழுதினதுன்னு நினைச்சுக்காத. சாப்பாட்டு நேரம் முடிஞ்சா ஒரு நாளைக்கு மூணு மூட்டை பிளாஸ்டிக் வரும். அரை மணி நேரம் ஒரு ரொட்டியைச் சுத்தியிருந்த கவரு, நான் செத்து நூறு வருஷம் ஆனாலும் இங்கேயே எங்கேயாவது கிடக்கும். கட்டித் தூக்கற என் முதுகுக்குத் தெரியும் அது எவ்வளவுன்னு. இன்னிக்குப் பாரு, அரை மூட்டைகூட இல்ல."

"சரி. அப்போ ஆறுன்னு ஏன் எழுதின? ஆறாவது நீ தின்னது. அதை எண்ணாம விட்டிருக்கலாம்ல?"

"விட்டிருக்கலாம்."

"பின்னே?"

அக்கா கடைசி உருளைக்கிழங்குத் துண்டை மூடியில இப்படியும் அப்படியும் உருட்டிக்கிட்டிருந்தா. என்னைப் பார்க்கல.

"அஞ்சுன்னு எழுதியிருந்தா நீ வந்திருப்பியா?"ன்னா.

வந்திருக்க மாட்டேன். எண்ணிக்கை சரியா இருந்திருந்தா லெட்டரை மடிச்சு வச்சுட்டு, கவருக்குப் பதிலா என்னத்தையோ தேடிக்கிட்டு, இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டியிருப்பேன். என்னை எதைச் சொன்னா எழுந்து ஓடி வருவேன்னு இந்த உலகத்துலயே தெரிஞ்ச ஆள் இவ ஒருத்திதான். இவகிட்ட போய் நான் அப்படி ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கேன்.

"அக்கா. அன்னிக்குச் சொன்னது தப்பு."

"எது?"

"அதுதான். பிள்ளைன்னு சொன்னேனே. சொல்லியிருக்கவே கூடாது. சொன்ன நிமிஷத்துல இருந்து நான் நல்லாவே இல்ல."

முந்நூறு பிள்ளைங்க கத்தற இடத்துல, 'விருந்தினர்' அட்டையைக் கழுத்துல மாட்டிக்கிட்டு, மூக்கை உறிஞ்சிக்கிட்டுச் சொன்னேன். அக்கா கையை மட்டும் நீட்டி என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டா. விரலெல்லாம் சோப்புத் தண்ணியில ஊறிச் சொரசொரன்னு இருந்துச்சு. அணில் எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துட்டு, "இப்போ நான் பேசலாமா?"ன்னு கேட்டா.

"பேசு"ன்னேன்.

அவ்வளவுதான். ரெண்டு வருஷமா சேர்த்து வச்சதையெல்லாம் கொட்ட ஆரம்பிச்சா பாருங்க. பல்லு விழுந்தது, பூனை குட்டி போட்டது, அப்பா போல்ட் டப்பாவைக் கொண்டு வந்தது, நான் அதை மோந்து பார்த்தது. மணி அடிச்சும் நிறுத்தல. டீச்சர் வந்து கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போக வேண்டியதாப்போச்சு.

கூடம் காலியானதும் அக்கா தன் பையில இருந்து அவ டப்பாவை எடுத்தா. அதுலயும் ரெண்டு ரப்பர் பேண்டு. அணில் பெஞ்சுல விட்டுட்டுப் போனதையும் எடுத்துட்டு வந்து, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, மூடியை மாத்திப் போட்டேன். கிளிப் 'டக்'குனு உட்கார்ந்துச்சு. அக்காவோடதும் 'டக்'. ரெண்டு வருஷமா ரெண்டு வீட்டுலயும் சொட்டிக்கிட்டிருந்தது, ரெண்டு செகண்டுல முடிஞ்சுபோச்சு.

"ஆனா மாத்தினது நீதான்"ன்னா அக்கா.

"நான் இல்ல."

"நீதான்."

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையா, ரெண்டு வாரத்துக்கு முன்னால பிரிச்ச கவர் பாக்கெட்டை எண்ணினேன். ரெண்டு வாரத்துல பத்து நாள், அம்பது போயிருக்கணும். அறுபது போயிருந்துச்சு. வீட்டுக்காரர்கிட்ட சொல்லல. அவரும் கேக்கல. போல்ட் டப்பாவை மட்டும் மேஜை மேலயே விட்டு வச்சிருந்தார், ஒருவேளை மனசு மாறுவேனோன்னு.

அக்கா டப்பாவையும் கையோட வாங்கிட்டு வந்திருந்தேன், மறுநாள் ரெண்டு டப்பா கட்டினேன். லேபிள் ஒட்டற பழக்கத்தை விட முடியல, அட்டையை வெட்டி நூல்ல கோத்துக் கட்டிவிட்டேன். அக்காவோடதுல, 'உணவுடன். தினமும். நிறுத்த வேண்டாம்'னு எழுதினேன். ஒரு டப்பா நிறைய உருளைக்கிழங்கு. உப்பு, மிளகு எல்லாம் ரெண்டு தடவை வாயில போட்டுப் பார்த்துத்தான் மூடினேன்.

சாயங்காலம் அணில் பையில அக்கா டப்பா திரும்பி வந்துச்சு. கழுவி, துடைச்சு, உள்ளே நாலு ஆரஞ்சு சுளை. நான் கட்டின அட்டையைத் திருப்பி, பின்பக்கம் அந்தக் கையெழுத்து, அதே வால்.

'உப்பு குறைவு.'

கீழே சிவப்பு மையில ஒரு வட்டம்.

உப்பு சரியாத்தான் இருந்துச்சு. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நாளைக்கு மதியம் பர்மிஷன் போட்டிருக்கேன். நேர்ல போய்க் கேட்டாதான் ஆச்சு.